முன் வரிசையில் ஒரு கதிரை

பிள்ளைகளே, நிலத்தில் இருந்துவிட்டு நான் எழும்பும்போது என் முழங்கால் போடும் சத்தத்தைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் நம் தெருவிலுள்ள பெரியவர்களை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். தைக்கிற சாச்சிக்குக் கழுத்து, உங்கள் உம்மாவுக்கு மணிக்கட்டு. வலி இல்லாத ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாருக்கும் இருப்பதால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சின்ன வயதில் நானும் எடுக்கவில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாப்பா டைல் பாஸ். வீடு வீடாகப் போய், நாள் முழுக்க முட்டுக்காலில் நின்று தரைக்கு டைல் பதிப்பார். பள்ளிவாசலில் முன் வரிசையில்தான் தொழுவார். அந்த நாட்களில் பின்பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் வரத் தொடங்கியிருந்தன. முதலில் ஒன்று. அடுத்த நோன்பு வருவதற்குள் ஒரு முழு வரிசை. முழங்காலும் இடுப்பும் வளையாதவர்கள் அதில் இருந்து தொழுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஹாஜியார், பழைய அதிபர், ஹாட்வெயார் முதலாளி எல்லாரும் அதில் இருந்ததால், அது மதிப்பான ஆட்களுக்குக் கொடுக்கும் ஆசனம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆட்டோ ஓட்டும் மாமாவுக்குக்கூடக் கிடைத்துவிட்டது. என் வாப்பாவுக்கு மட்டும் இல்லையே என்று எனக்குக் கோபம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாங்கு சொல்லும் முன்பே ஓடினேன். ஒரு கதிரையைத் தூக்கிப்போய் முன் வரிசையில், வாப்பா வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்து, யாரும் பிடிக்காமலிருக்க என் தொப்பியை அதன்மேல் போட்டேன்.

வாப்பா வந்தார். கதிரையைப் பார்த்தார். பின்னால் இருந்து மாமா மெதுவாகச் சொன்னார்: "மச்சான், மகன் ஒங்களுக்கு சிம்மாசனம் போட்டீக்கான். இனி என்ன, இருங்களேன்."

நாலைந்து பேர் வாய்க்குள் சிரித்தார்கள். வாப்பா தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். கதிரையைத் தூக்கிப் பின்னுக்கு அனுப்பினார். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதிலிருந்து எல்லாரும் எழும்பிவிட்டார்கள். வாப்பா மட்டும் எழும்பவில்லை. பிறகு ஒரு கை என் தோளில் விழுந்தது. ஒரு சீமெந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது. நான் அசையவில்லை. அவர் எழும்பி நின்றார்.

வெளியே செருப்புப் போடும்போது மாமா விடவில்லை. ஏலாதவர்களுக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது, இதில் என்ன வெட்கம் என்று கேட்டார்.

"இருக்கிறவங்க இருக்கட்டும், நான் கொற சொல்லல்ல," என்றார் வாப்பா. "ஆனா மச்சான், இந்தப் பள்ளி நெலத்த முட்டுக்கால்ல நிண்டு போட்டவன் நான். ஊர்ல எல்லார்ட வீட்டு நெலத்திலயும் மண்டி போட்டுட்டு, இதுல மட்டும் கதிரயில இருக்க என்னால ஏலா. ஏலாமப் போற அண்டைக்கு நானே எடுத்துப் போட்டுக்கொள்றேன்."

மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

வாப்பா என் தோளைப் பிடித்து எழும்பியதை அன்று பின்னேரம் முழுக்கக் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஏன் பிடித்தார் என்று எனக்குள் ஒரு கேள்வியும் வரவில்லை. மண்டியிடுவது ஒரு கெட்டித்தனம், பழகினால் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மஃரிப் தொழுகைக்கு முன், வீட்டுக் குசினிக்குப் பின்னால் யாரும் இல்லாத நேரம் பார்த்து, காற்சட்டையை உயர்த்திவிட்டுச் சரளைக் கல்லில் முட்டுக்காலில் நின்றேன். நூறு வரை எண்ண நினைத்தேன். இருபத்தேழில் எழும்பி, முழங்காலில் ஒட்டியிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன்.