சாட்சிக்கு வந்த கேங்ஸ்டர்

மலேசியாவில், மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங்கில் தன்னைத் தெரியாதவர்களே கிடையாது என்று புவனேந்திரன் சொல்லிக்கொண்டு திரிந்தான். தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுவதுதான் அவன் வேலை. அந்த வேனில் தினமும் போய்வந்தவள் நான், நிர்மலாதேவி. அவன் லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும்.

வீடியோ கடையில் பழைய கேங்ஸ்டர் படம் ஒன்றையும் விடமாட்டான். பார்த்துவிட்டு அதே மாதிரி நடப்பு வேறு. கொளுத்தும் வெயிலில் கறுப்புக் கோட்டு, வாயில் பல்குச்சி. "அண்ணே, நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு?" என்றால், ஜன்னல் பக்கம் திரும்பி, பெருமூச்சு விட்டு, "ஆறு" என்று முனகுவான். கர்மம்!

அந்தப் படங்களில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி கத்தினால் நம் அப்பன்மார் கைகட்டி நின்றார்கள். படத்தில் ஒருவன் மெல்லப் பேசினாலே ஊர் எழுந்து நிற்கிறது. பார்த்தால் யாருக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். நானும் ரசித்துப் பார்த்திருக்கிறேன். படம் முடிந்ததும் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டேன். இந்த மூதேவி எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் பக்கத்து வீடு கருப்பாயி அக்கா. ரப்பர் மரம் சீவியே ஓய்ந்தவர். இடையில் சில வருஷம் எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாயிலும் இருந்தார். இந்த மண்ணில்தான் பிறந்தார், ஆனால் பிறப்புப் பத்திரம் கிடையாது. அதனால் ஐம்பத்தாறு வயதிலும் கையில் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டைதான், குடியுரிமை இல்லை. 1994இல் ஒருவழியாக மலாக்காவிலிருந்து நேர்காணல் கடிதம் வந்தது. அவரை நெடுநாள் அறிந்த இரண்டு பேர் சாட்சிக்கு வரவேண்டும். ஒருத்தி நான். இன்னொருவரைத் தேடுவதற்குள் புவனேந்திரன் முந்திக்கொண்டான்.

"நா இருக்கேன்லா அக்கா. உங்க கேஸ் இனிமே என் கேஸ்."

குடிமக்களுக்குத் தரும் நீல ஐசியே கிடைத்துவிட்ட மாதிரி அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

மலாக்கா ஆபீசில் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். நான் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்து அவன். கதவு திறந்திருந்தது. இந்த அம்மாவை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று அதிகாரி மலாயில் கேட்டார். துரை நாற்காலியில் சாய்ந்து, பல்குச்சியை உருட்டி, "தாக் தாவு" என்றான். தெரியாதாம்! எந்த எஸ்டேட்டில் வேலை செய்தார்? "தாக் தாவு." அதிகாரி மூன்றாம் தடவையும் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தார். அதே பதில். ஃபைலை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் அவன் கோட்டைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்யா பாவி, அங்க என்ன சொல்லிட்டு வர்ற?"

அவன் முகமெல்லாம் பெருமை. "ஆபீஸ்காரன்கிட்ட நம்ம ஆள பத்தி மூச்சு விடக்கூடாது நிர்மலா. மூணு தடவ அமுக்கிப் பாத்தான். நா காட்டிக் கொடுத்தேனா?"

தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் என்னம்மா சொன்னான்?" என்று என்னைக் கேட்டார். சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னேன்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஆயாக்கொட்டாய்ல ஒன் பீத்துணிய அலசினவ நான்டா. என்னையா தெரியாதுன்ன?"

சாட்சிகள் ஒத்துப்போகவில்லை என்று மனு தள்ளுபடியானது. மறுபடி எழுதிப் போட்டோம். பதில் வருமுன்பே, மூன்றாம் வருஷம் அக்கா போய்ச்சேர்ந்தார். குளிப்பாட்டும்போது அவர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை நான்தான் அவிழ்த்தேன். உள்ளே வெற்றிலையும் அந்தச் சிவப்பு ஐசியும் இருந்தன.