யார் படகுக்கோ கையசைத்தேன்

ராமநாதபுரத்தில் கண் டாக்டர் அறையில் அன்று இருந்தவர்கள்: டாக்டரம்மா, நர்ஸ், எட்டு மாதக் கர்ப்பத்தோடு நான். துணைக்கு யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார்.

கரையில் நின்றே அவர் படகை அடையாளம் சொல்லிவிடுவேன். சில வாரமாக எல்லாப் படகும் மங்கலாகத் தெரிந்தது. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தியது. முந்தின நாள் வேறு படகுக்குக் கையசைத்துவிட்டேன்.

கரை சேர்ந்ததும் அதிலிருந்தவர்கள், "ஏத்தா, புருசன மாத்திட்டியா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். பிள்ளை முகத்தையாவது பார்ப்பேனா என்று பயம்.

நர்ஸ் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். டாக்டரம்மா கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"பிரஷர் இல்ல. மாசமா இருக்கையில கால் வீங்குதுல்ல? அதே மாதிரி கருவிழியிலயும் நீர் கோத்திருக்கு. கண்ணும் காஞ்சிருக்கு. சொட்டு மருந்து போடு. பிள்ள பெத்த பெறகு சரியாகிரும்."

"கண்ணாடி வேணாமாம்மா?"

"இப்ப வாங்குனா அப்பறம் ஒனக்குச் சேராது."

வீட்டுக்காரரிடம் மருந்தைக் காட்டினேன். பயந்ததைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சில பயம் தனியாகவே வந்து தனியாகவே போகிறது.

மகள் பிறந்து நாலு மாதத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். தூரத்தில் படகுகள் வந்தன. மூன்றாவது அவளைப் பெற்ற அய்யா படகு. மற்றதையும் சேர்த்து எண்ணினேன்.

ஏழு.