கை வைக்காத வீடு

இஸ்திரி அக்கா என்றால் அந்த வீட்டு வரிசையில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து, ஓய்வு பெற்றபோது முழங்கால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. வீட்டுக்குள்ளேயே ஒரு கழிவறை.

பேராசை ஒன்றும் இல்லை. கட்டிக்கொண்டதே ஒரு பிளம்பரைத்தான். ஊரில் பாதிக் குளியலறைகள் அந்த மனிதர் கை பட்டவை. யார் கூப்பிட்டாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். சொந்த வீடு என்றால் மட்டும் "நாளைக்கு". கல்யாணமான புதிதில் சொன்ன அந்த "நாளை", மகள் பிறந்து வளர்ந்து புருஷன் வீட்டுக்குப் போன பிறகும் விடியவில்லை. அடுக்களையை ஒட்டி ஒரு விறகறை உண்டு, அதற்கு முற்றத்துப் பக்கம் மட்டும்தான் வாசல். அங்கே கழிவறைக்கான பீங்கானும் தரை ஓடுகளும் வந்து இறங்கி வருஷக்கணக்காகக் கிடந்தன. அவற்றின் மேல் படியும் தூசியையும் அவள்தான் துடைத்தாள்.

வீடு, மில் முதலாளி ஒருவர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசையில் ஒன்று. இரண்டு அறை, அடுக்களை, செங்கல் வளைவு வைத்த ஜன்னல், முற்றம் தாண்டிப் படி இறங்கினால் கழிவறை. அக்கம்பக்கத்தார் இடித்தார்கள், மாடி எடுத்தார்கள், பளபளவென்று கல் ஒட்டினார்கள். இது மட்டும் கட்டியபடியே நின்றது. அந்த ஜன்னல் வளைவு அவளுக்கும் பிடிக்கும், இல்லையென்று சொல்லமாட்டாள். ஆனால் மழை நாளில் ஒரு கையில் குடை, மறு கையில் சுவர் என்று படி இறங்குகிறவளுக்கு ஜன்னலா கண்ணில் படும்?

ஒரு நாள் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மாள் ஒருவர் வந்தார். செங்கல்லைத் தடவினார், தாழ்ப்பாளைத் தடவினார், கழிவறைக் கதவைத் திறந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"இந்த வரிசையிலயே ஒரிஜினலா இருக்கறது இது ஒண்ணுதாங்க. எதையும் மாத்தாம எப்படிக் காப்பாத்தினீங்க?"

பிளம்பர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "பழசை இடிக்க மனசு வரலைங்க."

அடுக்களையில் நின்ற அக்காவுக்குச் சுருக்கென்றது. சிரிக்கவும் முடியவில்லை, சண்டை போடவும் தெம்பில்லை.

"வாசல்ல ஒரு பலகை வைப்போம்," என்றார் அதிகாரி. "அப்புறம் உள்ளே ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எங்களைக் கேக்கணும். புதுசா எதுவும் கட்ட முடியாது. யோசிச்சு வைங்க, அடுத்த வாரம் வரேன்."

அவர் போனதும் பிளம்பர் பலகை வரப்போகும் இடத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என் கழிவறை என்னங்க ஆகும்?" என்றாள் அக்கா.

"தெருவுலயே நமக்கு மட்டும்தான் இந்த மரியாதை, தெரியுமா?"

"மரியாதை வாசலுக்கு. முட்டிவலி எனக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மனிதர் கெட்டவர் இல்லை. "சரி, பலகை வேண்டாம்னு சொல்லிடறேன். அடுக்களைச் சுவத்துல வழி உடைச்சு, விறகறையை மாத்திடலாம். நாளைக்கே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு இத்தனை வருஷம் வராத கோபம் வந்தது. நொண்டிக்கொண்டே போய் அவருடைய பையிலிருந்து சுத்தியலை எடுத்து, அடுக்களைச் சுவரில் ஓங்கி அடித்தாள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி அடித்தாள். செங்கல் பிளந்தது. அதற்கே மூச்சு வாங்கி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்ட? இனிமே பலகை தரமாட்டாங்க."

"தெரியும்." சுத்தியலை அவர் பக்கம் நீட்டினாள். "மாத்தாத வீடுன்னு இனிமே நீங்களும் சொல்லிக்க முடியாது. பிடிங்க."

பிளம்பர் சுத்தியலை வாங்கிக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஊரார் வீடுகளில் அவர் அப்படிச் சட்டையைக் கழற்றுவாராம், சொல்லிக் கேட்டிருக்கிறாள். பார்த்தது அன்றுதான். இவ்வளவுக்கு ஓர் ஆயுசு ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது.