மை வைக்காத சுண்டுவிரல்

நவம்பர் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு அது தொடங்கியது. மருத்துவமனையின் பின்வாசலையொட்டிய நடையில், மழை விடுவதற்காக நான் காத்திருந்தேன். அம்மா அங்கே செவிலியர். தினமும் சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வகுப்புக்குப் போவேன். எங்கள் தெருமுனையில் சித்தியும் ஏறிக்கொள்வாள். உறவினால் சித்தியல்ல, அம்மாவோடு பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை செய்பவள். சில நாட்களாக ஏறி உட்கார்ந்ததும், “ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா போ கண்ணு” என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். காரணம் அம்மாவையும் என்னையும் தவிர வெளியாள் எவருக்கும் தெரியாது.

அன்று ஊழியர் அனைவருக்கும் ஃப்ளூ தடுப்பூசி. போட்டுக்கொண்டதற்கு அடையாளமாக, போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கு வைப்பதைப் போல, இடது சுண்டுவிரல் நகத்தில் மை. மையில்லாதவர் எவரும் உள்ளே போகக் கூடாது என்று மேலாளர் உத்தரவிட்டிருந்தார். வாசலை மறித்து இரண்டு காவலாளிகளும், பக்கத்தில் மேலாளரும் நின்றார்கள். ஊசி போடும் மேசையில் அம்மா.

வரிசையில் நின்றவர்கள் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஊருக்கெல்லாம் குத்துறோம். நமக்குன்னா மட்டும் கை நடுங்குது பாரு.”

“போன வருஷம் போட்டுட்டு மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன். அதக் கேக்க ஆளில்ல.”

“பெரிய டாக்டர் போட்டுக்கினாராமா?”

“அவருக்குச் சுண்டுவிரலே கெடையாதுடி.”

ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர் ஒருவர் உரக்கவே சொன்னார்: “எனக்கு வேணாம். கேட்டுட்டு போடுங்க, இல்லன்னா உடுங்க.” மேலாளர் கண்ணைக் காட்டினார். காவலாளி ஒருவன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பெஞ்சின்மேல் சாய்த்து, முழங்காலை முதுகில் ஊன்றினான். சட்டைப் பொத்தான் தெறித்து என் காலருகே உருண்டது. சிலர் சிரித்தார்கள். அம்மா ஊசி போட்டாள். அவர் திமிறியதில் தோளிலிருந்து ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அவருடைய விரலை விரித்துப் பிடித்து மை வைத்தார்கள். அதன்பின் அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு நெடுநேரம் கை கழுவினாள்.

அடுத்தது சித்தி. அவள் மேசைமேல் குனிந்து, “அக்கா, பஞ்சில அடிச்சிடு. மை மட்டும் வையி” என்றாள்.

வேண்டியவர்களுக்கு அப்படிச் செய்யும் வழக்கம் அங்கே உண்டு. மருந்தைப் பஞ்சில் பீய்ச்சிவிட்டு, வெறும் ஊசியைத் தோளருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவிடுவார்கள். அம்மா அதை ஒருபோதும் செய்ததில்லை.

“பச்சப் புள்ளைங்கள தொடுற கைடீ நம்ம கை. சார்கிட்ட விஷயத்தச் சொல்லிடு, உட்டுடுவாரு.”

“சொல்ல மாட்டேன். போன தடவ சொன்னேன், வார்டே கேக் வெட்டிச்சி. அப்புறம் ஒவ்வொருத்தியா வந்து கையப் புடிச்சிக்கினு அழுதாளுங்க. மூணு மாசம் முடியற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

சென்ற ஆண்டு ஊசி போட்டுக்கொண்ட அதே மாதத்தில் அவளுடைய கரு கலைந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள்; அம்மாவும் சொன்னாள். சித்தி மறுத்துப் பேசவில்லை. நம்பவுமில்லை.

“என்னம்மா அங்க ரகசியம்?” என்றார் மேலாளர்.

சித்தி மேசையை விட்டு விலகி வாசலை நோக்கி நடந்தாள். காவலாளி மறித்தான். அவள் அவன் மார்பில் கைவைத்துத் தள்ளினாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பற்றி முதுகுப்பக்கம் முறுக்கினான். அவள் நெற்றி கதவின் விளிம்பில் மோதியது. இன்னொருவன் முன்பக்கமாக வந்து, அவள் வயிற்றில் முன்கையை அழுத்திச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான்.

அம்மா அலறினாள்: “வயித்துலேர்ந்து கைய எடுடா! மாசமா இருக்கா!”

காவலாளிகள் கையை எடுத்தார்கள். பின்பு வரிசையிலிருந்து ஒருத்தி, “ஐயோ, சொல்லவே இல்லியேடி!” என்று மகிழ்ச்சியோடு கூவினாள்.

சித்தி நேராக மேசைக்கு வந்தாள். ஊசிகள் வைத்திருந்த எஃகுத் தட்டை எடுத்தாள். முதல் அடியில் மருந்துக் குப்பிகள் சிதறி உடைந்தன. இரண்டாவது அடி அம்மாவின் புருவத்தைப் பிளந்தது. ஒவ்வோர் அடிக்கும் “சொல்லாதன்னேன், சொல்லாதன்னேன்” என்றாள். அம்மா கையை உயர்த்தித் தடுக்கவில்லை. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, அப்படியே நின்றாள். நான் தட்டைப் பிடித்தேன். அதன் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்தது. சித்தி என்னைப் பார்த்தாள். தட்டை என்னிடமே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“அந்தம்மாவுக்கு வேணாம், உடுங்க” என்றார் மேலாளர், உடைந்த குப்பிகளைப் பார்த்தபடி. மை வைக்காத விரலோடு அவள் உள்ளே போனாள். கர்ப்பிணிகளுக்கும் அந்த ஊசியைப் போடலாம் என்று, புருவத்தில் தையல் போடப்படும்போது அம்மா என்னிடம் சொன்னாள். மேலாளருக்கு அது தெரியாது. தெரிந்த அம்மாவும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். சித்தி சீருடையில் நின்றிருந்தாள், நெற்றி வீங்கியிருந்தது. அம்மா இருக்கையில் முன்னால் நகர்ந்து இடம்விட்டாள். சித்தி எங்களைப் பாராமல் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். நாங்கள் பின்னால் போனோம். முதல் வேகத்தடையில் ஆட்டோ வேகம் குறையாமல் ஏறி, உள்ளே இருந்தவர்களைத் தூக்கிப் போட்டது. “மெதுவா, மெதுவா” என்றாள் அம்மா, என் தோளில் நகம் பதிய. ஆட்டோக்காரருக்கு அது கேட்டிருக்காது.

நான் ஆட்டோவை முந்திப் போய் அதற்கு நேர் முன்னால் சென்றேன். அடுத்த வேகத்தடை தெரிந்ததும், சாலையின் நடுவில், நடப்பவர் வேகத்துக்குக் குறைத்தேன். ஆட்டோக்காரர் ஹாரனை அலறவிட்டு, என் தாயைச் சேர்த்துத் திட்டினார். நான் ஒதுங்கவில்லை. மருத்துவமனை வாசல்வரை, ஒவ்வொரு வேகத்தடையிலும் அப்படியே போனேன்.