மலையடியில் கழற்றிய செருப்பு

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நான்கு, கொழுந்தன் பிள்ளை ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஐந்து, அதுவும் தாராவியில் ஒரே அறையில். இப்போது மூத்தவன் செல்வத்தோடு பாண்டுப்பில், லிஃப்ட் வைத்த பில்டிங்கில் இருக்கிறேன். இங்கே ஜனங்கள் ஞாயிறு விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு பின்னாலிருக்கும் மலையில் ஏறுகிறார்கள். ஏறி, ஒன்றும் செய்யாமல் இறங்கிவிடுகிறார்கள்.

ஊரில் மலை என்றால் மேலே சாமி இருக்கும். நேர்ந்துகொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போவோம். காரணமில்லாமல் ஏறியவர்களை நான் பார்த்ததில்லை. ஆட்டைத் தொலைத்தவன் ஏறுவான், அவனுக்கும் ஆடு என்று ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி மராட்டிக்காரர், நல்ல மனுஷர். மேலே என்ன சாமி என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "பகவான் நஹி ஆஜி, வியூ ஹை" என்றார். சாமி இல்லையாம், வியூதான் இருக்கிறதாம். தாராவியில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குக்கர்தான் எங்களுக்கு வியூ. அதற்காக யாரும் ஷூ வாங்கவில்லை.

இருந்தாலும் எனக்குப் போக ஆசை. செல்வம் இழுத்தான். "யம்மா, ஒன் முட்டி தாங்காது. இந்த ஒரு வாட்டி போய்ட்டு வா. ஏதாச்சும் ஏடாகூடமாச்சு, பொறவு கீழ கார்டன் பெஞ்சுதான்." அந்தப் பெஞ்சில் நாலு கிழவிகள் ஒருத்தி சுகரை இன்னொருத்தி சுகரோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அங்கே போய் உட்கார இன்னும் வயசாகவில்லை.

ஞாயிறு அவனே மலையடிக் கேட்டில் இறக்கிவிட்டு, மத்தியானம் அங்கேயே நிற்பதாகச் சொல்லிப் போனான். துணைக்கு அவன் மகள் ஜோதி. கல்லில் பெயிண்ட் அடித்து மூன்று வழி: கிழடுகளுக்கும் குழந்தைகளுக்கும் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், இளவட்டத்துக்குச் சிவப்பு. சொசைட்டிக்காரர்கள் என்னைப் பச்சையில் சேர்த்தார்கள். அடிவாரத்து ஆலமரத்தைக் கண்டதும் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. மலை ஏறுகிறவள் செருப்போடா ஏறுவாள்? திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று மரத்தடியில் ஓரமாக வைத்தேன். எங்கள் ஊர் மலையில் ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டுதான். இங்கே பச்சை வழி குளத்தைச் சுற்றி வேறொரு கேட்டில் கொண்டுபோய் விடும் என்று யார் கண்டது?

பாதி வழியில் செக்ரட்டரி என் காலைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். வெறுங்காலில் நடப்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். அதைக் கேட்டு இரண்டு பேர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். ஆமாம் ஆமாம் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

பச்சை வழி முடிந்த கேட்டில் எல்லாரும் அவரவர் வண்டியில் ஏறினார்கள். என் செருப்பும் மகனும் மலைக்கு அந்தப் பக்கம்.

"ஆச்சி, செக்ரட்டரி அங்கிள்ட்ட சொல்வோம். கார்ல விடுவாங்க."

"சொன்னா செருப்பத் தொலச்ச கத முதல்ல ஒங்கப்பனுக்குப் போயிரும். பொறவு பெஞ்சுதான். வேற வழி இல்லையாட்டி?"

"க்ரீன் சுத்து, லேட்டாயிரும். ரெட்தான் உச்சி ஏறி நேரா அந்தக் கேட்டுக்கு இறங்கும்."

"செவப்புன்னா செவப்பு. நட."

பெருமை அடிக்க மாட்டேன். இரண்டு இடத்தில் நாலு காலில் ஏறினேன், ஓரிடத்தில் சேலையோடு உட்கார்ந்தே சறுக்கினேன். உச்சியில், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். கீழே மும்பை முழுக்கப் புகையாகக் கிடந்தது. தாராவி எது என்று தேடினேன். எல்லாம் தாராவி மாதிரிதான் தெரிந்தது. தெரியாது என்று தெரிந்தும் தெற்கே ஊர்ப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

"என்ன பாக்கீங்க ஆச்சி?"

"வியூ."

இறங்கி வந்தால் ஆலமரத்தடியில் என் செருப்பு தனியாக இல்லை. பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு ஜோடி. யாரோ மரத்தடியில் ஒரு செவ்வந்திப்பூகூட வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் செல்வத்தின் ஷூ. தாராவியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வெறும் சாக்ஸோடு கைகட்டி நின்றான்.

"யம்மா, மேல என்ன சாமி?"

முட்டி தந்தியடித்தது. சுற்றி வந்து கும்பிடுகிறவள் போல மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரிய சாமிலே. வாராவாரம் வரணும்."

ஏட்டி ஜோதி, இரண்டாம் வகுப்புப் படிப்பை வைத்து இவ்வளவும் எழுதிவிட்டேன். உனக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், பரவாயில்லை. எங்கே, மெதுவாக வாசித்துக் காட்டு. அப்பா வந்துவிட்டால் மட்டும் சிவப்பு வழியை விட்டுவிட்டு வாசி.