லைன் கிளியர் ராசப்பன்

இங்கிலீஷில் ராசப்பனுக்குத் தெரிந்தது மொத்தம் நாற்பது சொல் இருக்கும். அதில் முப்பத்தொன்பதை வாரத்துக்கு ஒருதரம் சொன்னால் அதிகம். மிச்சமிருந்த ஒன்றை மட்டும் விடிந்ததிலிருந்து படுக்கிறவரை நூறு தடவை சொல்லியாக வேண்டும். 'லைன்' என்பதுதான் அந்தச் சொல். அவர் குடும்பம் சோறு தின்றதே அதனால்தான். ஐம்பத்தைந்து வயதில் அவருக்குச் சலித்துப்போயிருந்ததும் அதுதான்.

பெருந்துறைக்குத் தெற்கே ஒரு மின்சார ஆபீசில் அவர் லைன்மேன். கம்பம் ஏறிக் கம்பி கட்டுகிற வேலை. ஆனால் இந்தச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது வேலைக்கு வந்த பிறகு அல்ல. ஆனைமலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த பத்தடி அறைகளுக்கு லைன் என்று பேர். அவருடைய ஆத்தாள் அவரைப் பெற்றது மூன்றாவது லைனில், ஆறாவது அறையில். அப்புறம் மலையை விட்டு இறங்கி வந்தால் ரேஷன் கடையில் லைன், மண்ணெண்ணெய்க்கு லைன். டவுன் பஸ் இல்லாத ஊருக்கு லைன் பஸ். வாலிபத்தில் எந்தப் பெண் பக்கமாவது திரும்பிப் பார்த்தால், கூட இருந்தவர்கள் 'லைன் அடிக்கறான்டா' என்றார்கள். பெண் கேட்கப் போன இடத்தில் மாரியாத்தாளின் அப்பா முதலில் கேட்டதே, "மாப்ளை எந்த லைன்ல இருக்கறாருங்க?" என்றுதான். கரண்டு ஆபீஸ் என்று தரகர் சொன்னதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாதச் சம்பளக்காரன் ஆயிற்றே.

மாதச் சம்பளம் வந்தது உண்மை. கூடவே இரண்டு முழங்காலும் போயிற்று. முப்பது வருசம் கம்பம் ஏறி இறங்கினால் கால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே அவருக்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாரியாத்தாள் தினமும் வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, தன் பங்குக்கு நாலு வார்த்தை மின்சார ஆபீசையும் திட்டிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

ஓய்வு பெற இன்னும் மூன்று வருசம். அந்த மூன்று வருசத்தை ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து, புகார் எழுதிக்கொள்கிற வேலையில் ஓட்டிவிட வேண்டும் என்று டாக்டர் சர்டிபிகேட்டோடு மனு கொடுத்திருந்தார். ஆறு மாதம் அலைந்த பிறகு 1995 மே மாதத்தில் மனு ஒருவழியாக மேலிடத்துக் கையெழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ராசப்பன் வாழ்க்கையில் இத்தனை ஆசையோடு வேறெந்தப் பொருளையும் நினைத்ததில்லை. ஒரு மர நாற்காலி. அதற்குக் கைப்பிடி இருந்தால் ரொம்ப நல்லது.

அந்த மே மாதம் மகள் கயல்விழி லீவுக்கு வந்திருந்தாள். கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறவள். காலேஜ் நூலகத்திலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு அகராதியைத் தூக்கி வந்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் வெந்நீர் அண்டாவில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "உங்க லைனுக்கு மட்டும் ரெண்டு பக்கம் போட்டிருக்கறாங்கப்பா" என்று ஆரம்பித்தாள்.

"ரெண்டு பக்கமா? அத்தனைக்கு என்னத்தத்தான் எழுதுவாங்க?"

"கோடு, கயிறு, வரிசை, வம்சம், தண்டவாளம், தூண்டில் நரம்பு, பாட்டுல ஒரு அடி, நாடக வசனம், மூஞ்சியில உழுகற சுருக்கம், பட்டாளத்துக்காரங்க நிக்கற எடம்... போயிட்டே இருக்குதுங்கப்பா. ஆனா மொதமொதல்ல இது ஒரு செடி. ஆளிச் செடி. லத்தீன் பாசையில அதுக்கு லீனும்னு பேராம். அந்த நாருல நூல் திரிச்சு, இழுத்துக் கட்டி, அது நேருக்குக் கோடு போட்டிருக்கறாங்க. அதுல இருந்துதான் கோட்டுக்கே அந்தப் பேரு வந்துச்சு. ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் லைனிங் வெக்கறாங்கல்ல, அதுவும் இந்தச் செடிதான்."

ராசப்பன் தண்ணீருக்குள் கையை விட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"எல்லார்த்துகிட்டயும் நூலா வந்திருக்குது. எங்கிட்ட மட்டும் கம்பியா வந்துபோட்டுதாட்ட இருக்குது, அம்மணி" என்றார். பிறகு, "எங்க லைன் கிளியர் அதுல இருக்குதா பாரு" என்றார்.

அவள் விரலை வைத்துக் கடைசிவரை தேடினாள். ரயில்காரர்களுக்கு உள்ளது ஒன்று இருந்தது. கரண்டுக்காரர்களுக்கு உள்ளது இல்லை.

அகராதிக்காரர்கள் விட்டுவிட்டதை நாம் சொல்லிவிடலாம். கம்பத்தில் ஆள் ஏற வேண்டுமானால் முதலில் அந்தக் கம்பியில் ஓடுகிற கரண்டை நிறுத்த வேண்டும். லைன்மேன் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டுத் தன் பேரைச் சொல்லிக் கேட்பார். அங்கே கரண்டை நிறுத்தி, நேரத்தையும் பேரையும் நோட்டில் எழுதுவார்கள். இதுதான் லைன் கிளியர். வேலைக்காரர்கள் வாயில் எல்.சி. வேலை முடிந்ததும் யார் பேரில் வாங்கியதோ அவரே போன் போட்டு, "ஆளெல்லாம் எறங்கியாச்சு, திருப்பிக்கங்க" என்று சொல்ல வேண்டும். அவர் தவிர யார் சொன்னாலும், எத்தனை பெரிய அதிகாரி சொன்னாலும், கரண்டு வராது. மேலே நிற்கிறவனின் உயிர் அந்த ஒரு பேரில்தான் இருக்கிறது.

மே இருபத்தாறாம் தேதி மத்தியானம் கோடைமழை காற்றோடு வந்து நாலு இடத்தில் தென்னை மட்டையைக் கம்பிமேல் போட்டது. ராசப்பன் இரண்டே காலுக்கு ஐயாசாமியின் அரிசி ஆலைக்குப் போய், அங்கிருந்த போனில் எல்.சி. வாங்கினார். அந்த வட்டாரத்தில் போன் இருந்தது அங்கே மட்டும்தான். மூன்று இடத்தை அவரும் கூட வந்த இரண்டு ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தோப்புக்குள் இருந்த நாலாவது இடத்துக்கு ஒயர்மேன் தம்பிதுரை தனியாகப் போனார். முடிந்ததும் ஆலைக்கு வந்து நேரில் சொல்ல வேண்டும் என்று பேச்சு.

நாலரைக்கு இங்கே வேலை முடிந்தது. தம்பிதுரை வரவில்லை. ஐந்தாயிற்று. ராசப்பன் முழங்காலைச் சபித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துத் தோப்புக்குப் போனார். கம்பத்தடியில் தம்பிதுரையின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. கயிறு மேலே தொங்கியது. ஆளைக் காணோம். அடுத்த கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று தோப்புக்குள் மறைந்து போகிற கம்பங்களைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. கூட வந்த இருவரையும் தேடச் சொல்லிவிட்டு ஆலைக்குத் திரும்பினார்.

ஆலையில் ஐயாசாமி கொதித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவருடைய மகளுக்கு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. சீரியல் பல்பு மாட்டி, மைக்செட் வைத்து, எண்ணூறு பேருக்கு இலை போடப் போகிற மனிதருக்கு ஊரே இருட்டிக் கிடந்தால் எப்படி இருக்கும்?

"ஏனுங் ராசப்பா, வேலைதான் முடிஞ்சுபோச்சல்ல? போன் இந்தா இருக்குதல்லொ? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"தம்பிதுரை எறங்குனதப் பாக்கலீங்க."

"அவன் ஊட்டுக்குப் போயிருப்பான்!"

"இருக்குமுங்க. ஆனா பாக்கலீங்களே."

ஆறரைக்கு இளம் என்ஜினியர் மெல்வின் மோட்டார் பைக்கில் வந்து சேர்ந்தார். மேலிடத்திலிருந்து அவருக்கு இரண்டு போன் வந்திருந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் வேலைக்கு வந்து இரண்டு வருசம்கூட ஆகவில்லை. "ராசப்பண்ணா, கரண்டு நின்னு நாலு மணி நேரம் ஆச்சு. மழைக்குப் பயந்து ஓடியிருப்பாரு. திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

அந்த நேரத்தில் ராசப்பனுக்கு இருந்த அலுப்பைச் சொல்லி முடியாது. காலையில் தின்ற இரண்டு இட்லிதான் வயிற்றில். முழங்கால் இரண்டும் நெருப்பாக எரிந்தன. போனை எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். கை போன்மேல் போய் நம்பரைக்கூடச் சுற்றிவிட்டது. மறுமுனையில் சப்-ஸ்டேஷன் ராமுலு வழக்கம்போலக் கேட்டார்.

"ஆளெல்லாம் எறங்கியாச்சுங்களாண்ணா?"

கம்பத்தடியில் கிடந்த செருப்பு ராசப்பன் கண்ணை விட்டுப் போகவில்லை.

"இன்னுமில்ல, ராமுலு. நிறுத்தியே வெச்சிரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஐயாசாமி அதன்பிறகு சொன்னதெல்லாம் எழுதத் தக்கதல்ல. பிறந்த லைனையும் இழுத்துத்தான் பேசினார்.

ஏழேகாலுக்குத் தம்பிதுரை வெறுங்காலோடு ஓடி வந்தார். வேலையை முடித்து இறங்கின நேரத்துக்கு மச்சினன் மொபெட்டில் வந்திருக்கிறான். தம்பிதுரையின் மகளைத் தேள் கொட்டிவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியில் ஏறிவிட்டார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆலையில் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவர் மறுபடி வந்த தூறலுக்கு ஒதுங்கிய இடத்தில் மறந்தே போனார். பிள்ளைக்கு ஊசி போட்டு, அழுகை நின்ற பிறகுதான் தம்பிதுரைக்கு ஊர் இருட்டாக இருப்பதே புத்தியில் பட்டது.

"என்னால வந்துபோச்சுங்கண்ணா."

"புள்ளைக்கு எப்படியிருக்குது?"

"தேவலையுங்க."

ராசப்பன் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து எல்.சி.யைத் திருப்பினார்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. காரணமின்றி ஐந்து மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தி வைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். மெல்வின் அதை அவரே வீட்டுக்குக் கொண்டு வந்தார். நாற்காலி மனு இன்னும் கையெழுத்தாகாமல் மெமோ போட்ட அதிகாரியின் மேஜையில்தான் இருக்கிறதாம்.

"போன்ல லைன் கெடைக்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணா. மழைன்னா நம்புவாங்க. மெமோ குப்பைக்குப் போயிடும், உங்க ஆர்டரும் வந்துடும். நான் பார்த்துக்கறேன்."

கயல்விழி அழகான இங்கிலீஷில் அப்படியே எழுதினாள். மாரியாத்தாள் பேனாவைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். ராசப்பன் அதை வாங்கித் தாளின் மேல் வைத்தார், எடுத்தார்.

"இப்படி எழுதுனா என்னன்னு ஆகும்? லைன் கெடைச்சிருந்தா நான் திருப்பிக் குடுத்திருப்பேன்னுதான?"

"ஆயிட்டுப் போகட்டுமுங்க! அவந்தான் உசுரோட இருக்கறானில்ல?" மாரியாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. "தெனமும் இந்தக் கால நீவி வுடறவ நானு. அவனா வந்து நீவி வுடப் போறான்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்று ராசப்பனுக்குத் தெரியும். அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உசுரோட இருக்கறான்னு இன்னைக்குத் தெரியும், புள்ள. அன்னைக்குத் தெரியாது." தாளை மகளிடம் நீட்டினார். "வேற எழுது, அம்மணி. ஒயர்மேன் தம்பிதுரை எறங்குனத நான் கண்ணால பாக்கல. அதனால திருப்பல. அவ்வளவுதான்."

"போன்?"

"போன் நல்லாத்தான் இருந்துச்சு."

கையெழுத்துப் போட்டார். நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. ராசப்பனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாரியாத்தாள் நாலு நாள் அவரோடு பேசவில்லை. எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டாள், வழக்கத்தைவிட அழுத்தமாக.

ஜூன் மாதம் ஒரு காலையில் அவர் ஆபீசுக்குப் போனபோது, பக்கத்து ஆபீஸ் ஒயர்மேன்கள் இருவர் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். பெரிய லைனில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் மாற்ற வேண்டும், நாள் முழுக்க வேலை. அவர்களுடைய லைன்மேன் எல்.சி. வாங்கத் தயாராகத்தான் இருந்தாராம். இவர்கள் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏன்?" என்றார் ராசப்பன்.

இருவரில் மூத்தவர் எழுந்து நின்றார். "உங்க பேர்ல எல்.சி. வாங்குனா ஏறறமுங்கண்ணா."

மெல்வின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார். வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்பது தெரிந்தது. ராசப்பனுக்கு முதலில் வந்தது கோபம்தான். இன்றைக்குமா? இந்த வெயிலில், இந்தக் காலை வைத்துக்கொண்டு, இன்னொரு ஆபீஸ் வேலைக்கும் தானே போய் நிற்க வேண்டுமா? அப்புறம் அந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

போனை எடுத்தார். மறுமுனையில் ராமுலு, "யார் பேர்லங்க?" என்றார்.

"ராசப்பன்."

அன்று சாயங்காலம் ஆறு மணிவரை அவர் கம்பத்தடியிலேயே நின்றார். அடுத்த மூன்று வருசமும் அப்படித்தான் போயிற்று. எந்த நாற்காலியிலும் யாரும் அவரை உட்காரவிடவில்லை.