"வரேன்னு சொல்லு"

துரைக்கு நாற்பத்தாறு வயது. சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை இல்லாமல் அறையை விட்டு வரமாட்டார், அதனால் விடுதியில் எல்லோருக்கும் அவர் துரை. என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மனவளர்ச்சி குன்றியவர்தானே என்று வளர்ந்த ஆளை 'வாடா, போடா' என்று கூப்பிடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

'வரேன்' என்ற சொல்லில் மட்டும் துரையிடம் விளையாட முடியாது. எனக்கு முன்னால் இருந்த பணியாளர் வேறு வேலை கிடைத்துப் போன அன்று, எல்லோரையும் போல "வரேன் துரை" என்று சொல்லிவிட்டுப் போனார். துரை அந்தப் பணியாளருடைய சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாள். சோறு இறங்கவில்லை. கடைசியில் காய்ச்சலில் படுத்தார்.

இப்போது என் முறை. ஒன்றாம் தேதியிலிருந்து பெண்கள் விடுதிக்கு மாற்றல். மறுபடியும் அந்தப் பெஞ்சா? சூப்பர்வைசர் சுலபமாக வழி சொன்னார்.

"வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாரு."

"மறக்குறதெல்லாம் நாமதான் சார்," என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

கடைசி நாள் துண்டுகளை மடிக்கும்போது துரையிடம் உள்ளதைச் சொன்னேன். "நாளையிலருந்து எனக்கு வேற இடத்துல வேலை. தினம் வரமாட்டேன். ஞாயித்துக்கிழமை லீவு, மூணு மணிக்கு வருவேன்."

அவர் மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது பழக்கதோஷம், 'வரேன்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "போறேன் துரை," என்றேன்.

அவருக்குக் கோபம். "போறேன்னு யாராவது சொல்வாங்களா? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வரேன்னு சொல்லு."

சொன்னேன்.

அந்த ஞாயிறு பார்த்தா பேருந்து நடுவழியில் நிற்க வேண்டும்? அரக்கப் பரக்க வந்து சேர்ந்தபோது மணி நாலேகால். பெஞ்சில் ஆளில்லை. படுத்துவிட்டாரோ என்று பதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். துரை சாப்பாட்டு மேசையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே எனக்கு ஒரு கோப்பை, ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"லேட்டு," என்றார்.

"வாசல்ல காணோமேன்னு பயந்துட்டேன் துரை."

"அங்க எதுக்கு உக்காரணும்?" அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். "நீதான் வரேன்னு சொன்னியே."